மூடியில்லாத முதல் மணி

திங்கள், காலை 6.10
எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்வதையும் பக்கத்தில் கேட்கிற பேச்சையும் மார்பில் மாட்டிய இந்தக் கருவி எழுதிக்கொள்ளும். பெயர் சூசை. சங்கு குளித்துப் பிழைத்தவன். இப்போது கடலடியில், கொதிநீர் ஊற்றின் பக்கத்தில், ஓர் இரும்பு அறையில் தனியாக இருக்கிறேன். ஊற்றில் வாழும் உயிர்களைக் குடுவைகளில் பிடித்துப் பார்த்துக்கொள்வது வேலை. மேலே கப்பலில் டாக்டர் மங்கையர்க்கரசி. அறையின் வடத்தைச் சுற்றித் தூக்கும் விஞ்சில் என் மச்சினன் லசார். இருவரும் கம்பி வழியே என்னோடு பேசுவார்கள். குளிப்பவனுக்குக் கயிறு பிடிக்கிறவன் மச்சினனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தன் அக்காளை விதவையாக்க மாட்டான் அல்லவா. குடுவைகள் சரி. காற்று சரி.

செவ்வாய், பகல் 11.40
ஒரு குடுவை உடைந்தது. உள்ளங்கையில் கீறல். டாக்டர் சொன்ன கிருமி மருந்தைப் போட்டேன். சுறா தொடாத கையைக் கண்ணாடி தொட்டுவிட்டதே என்று லசார் கேலி செய்தான்.

புதன், காலை 8.00
முழங்கை வரை தோல் சாம்பலாகிவிட்டது. மருந்து பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். டாக்டர் சொன்னது ஒரு சொல் பிசகாமல்:

"எந்த உயிரும் புரதத்தை மணி மணியாக் கோக்கும், சூசையண்ணே. முதல் மணி மெத்தியோனின். பாக்டீரியா அதுக்கு ஒரு மூடி போட்டுத்தான் தொடங்கும். உங்க மருந்து அந்தத் தொடக்கத்தைத்தான் பிடிக்கும். உங்க கையில ஏறினது பாக்டீரியா மாதிரி இருக்கு, ஆனா ஆர்க்கியாங்கிற வேற குலம். மூடி போடாது. முதல் மணியை உக்கார வைக்கிற துணையாளுங்களும் நம்ம உடம்புல உள்ளவங்களுக்குச் சொந்தக்காரங்க."

அப்படியென்றால் இதை நிறுத்துகிற மருந்து என்னையும் நிறுத்திவிடுமா என்றேன். ஆமாம் என்றார்.

புதன், பகல் 2.30
கொதிநீரில் இருந்தது என் உடம்புச் சூட்டில் எப்படி வளர்கிறது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. சுவரிலும் படர்ந்துவிட்டது. இது மேலே போனால் முதலில் கப்பல், பிறகு துறைமுகம். யாருக்கும் மருந்தில்லை. வடத்தை மேலிருந்தே கழற்றிவிடச் சொன்னேன். டாக்டர் அழுதபடி ஒப்புக்கொண்டார். லசார் விஞ்சறைக்குள் போய் உள்ளிருந்து பூட்டிக்கொண்டான்.

"நீரு பேசுற வரைக்கும் உம்ம சொல்லுக்கு நிப்பேன், பேச்சு நின்னா இழுத்திருவேன், அத்தான். யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன். அக்கா மூஞ்சியில நான் முழிக்க வேண்டாமா?"

பேச்சு இருக்கும்வரை இழுக்க மாட்டான். கதவை உடைத்து அவனை அப்புறப்படுத்தும்வரை பேசிக்கொண்டிருங்கள் என்கிறார் டாக்டர். கதவு கனத்த இரும்பு.

வியாழன், காலை 5.20
லசாரின் கல்யாணப் பந்தியில் யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று வரிசையாகச் சொல்கிறேன். அவன் மாமனார் மீன்முள் சிக்கி இருமியது வரை. எனக்கு எதுவும் மறக்காது. அவன் சிரிக்கிறான். நாக்கு தடிக்கிறது. மூன்றாவது பந்தி இன்னும் இருக்கிறது.

வியாழன்
கண் அயர்ந்துவிட்டேன். அறை அசைகிறது. கத்துகிறேன், காற்றுதான் வருகிறது. இந்தக் கருவிக்குக் கேட்கிறது. அவனுக்குக் கேட்கவில்லை.

ஜன்னலில் நீலம் வெளுக்கிறது.

இதைப் படிக்கிறவர் யாரானாலும், சாம்பல்தோல் கண்ட ஆளைத் தொடாதீர்கள். அவன் என் மச்சினனே ஆனாலும்

"வந்துட்டீரு, அத்தான். பயப்படாதேயும். கதவை நானே தொறக்கேன்."