எறும்பு ஏறிய கயிறு

6 ஜூன் 1982, ஞாயிறு

லீவு நாளிலும் மாட்டாஸ்பத்திரியைத் திறக்க வைத்துவிட்டார் லாரி மெக்கானிக் ஜலால் பாய். கிரீஸ் துணியில் சுற்றி ஒரு தேவாங்கைக் கொண்டுவந்தார். ஆர்.கே.பேட்டை ரோட்டில் அடிபட்டிருந்தது. மருந்து கலக்குகிற கம்பவுண்டர் நான் என்ன செய்ய? கையிலேயே போய்விட்டது. ரோட்டை அகலமாக்கப் புளியமரங்களைப் பாதி வெட்டிவிட்டார்கள். கிளை விட்டுக் கிளை போன ஜீவன்கள் இப்போது தரையில் இறங்கிக் கடக்கின்றன. மிச்சமிருப்பதே கொஞ்சம். இப்படியே போனால் இந்தப் பக்கம் ஒன்றுகூட மிஞ்சாது.

வீட்டுக்குள் நுழையுமுன் வள்ளிநாயகி என்னைக் கிணற்றடிக்குக் குளிக்க அனுப்பினாள். தேவாங்கைப் பார்த்தாலே தரித்திரமாம். தொட்ட புருஷனைச் சும்மா விடுவாளா?

9 ஜூன்

ரோட்டுக்கு மேலே ஒரு கயிறு கட்டினால் போதும் என்கிறார் எங்கள் மாட்டு டாக்டர். வனத்துறை அனுமதி கொடுத்தது, காசு கொடுக்கவில்லை. தகர டப்பாவோடு கடைத்தெருவில் இறங்கினேன். மளிகைக்கடை பரந்தாமன், "காலங்காத்தால அது பேர சொல்லிகினு வர்றீங்களே சார்," என்று கல்லாவைச் சாத்திக்கொண்டார். முருகன் பேரைச் சொன்னால் கொட்டும் என்று ஜலால் பாய் யோசனை சொன்னார். பொய் சொல்லி வாங்கிய காசோடு அவன் கோயில் இருக்கும் மலையை நிமிர்ந்து பார்க்க முடியுமா? மாட்டேன் என்றுவிட்டேன்.

14 ஜூன்

டப்பாவில் ஜலால் பாய் போட்ட பத்து ரூபாயும் ஒரு சட்டைப் பொத்தானும். பொத்தான் போட்ட புண்ணியவான் யாரோ.

20 ஜூன், ஞாயிறு

ஆர்.கே.பேட்டை நெசவுத் தெரு. தறி வைத்திருக்கும் கெங்கம்மாளிடம் டப்பாவை நீட்டினேன். "காசுக்கு எங்க போறது சார்? நூலு கேளுங்க, தர்றேன்," என்றார். நெய்து முடித்தபின் தறியில் மிஞ்சும் பாவு நூலை மூட்டையாகக் கொடுத்தார். அதைப் பார்த்துத் தெருவே கொடுத்தது. கயிறாக முறுக்கியும் தருகிறார்களாம். சந்தோஷத்தில் பஸ்ஸில் இரண்டு தடவை டிக்கெட் வாங்கினேன்.

4 ஜூலை

கட்டியாகிவிட்டது! ஜலால் பாய் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, மேலே ஏறிக் கட்டினார். இந்தப் புளியமரத்திலிருந்து அந்தப் புளியமரத்துக்கு, மணிக்கட்டுப் பருமனில் கயிறு. வள்ளிநாயகி பார்க்க வரவில்லை.

9 ஜூலை

போச்சு. எல்லாம் போச்சு. கயிறு முழுக்க எறும்பு — பாவு நூலுக்குப் போட்ட அரிசிக்கஞ்சி! இதில் எந்தத் தேவாங்கு கால் வைக்கும்? கஞ்சி இல்லாத பாவைக் கெங்கம்மாள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்க மாட்டார். எனக்காவது உறைத்திருக்க வேண்டாமா? எறும்புக்குப் பாலம் கட்டினவர் என்று கடைத்தெருவில் பெயர் வைத்தாகிவிட்டது. அவிழ்த்துக் கொடுத்தால் வெந்நீரில் அலசித் தருவதாகக் கெங்கம்மாள் சொல்லியனுப்பினார். ரிப்பேர் வேலையாக நெல்லூர் போன ஜலால் பாய் லாரியோடு வந்தால்தான் அவிழ்க்க முடியும். அழுகையா வருது எனக்கு. ச்சே.

13 ஜூலை

ஆர்.கே.பேட்டைக்குத் தங்கை வீடு போன வள்ளிநாயகி இருட்டி வெகு நேரம் கழித்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கயித்த அவுக்காதீங்க," என்றாள்.

டவுன் பஸ் அந்தப் புளியமரத்தடியில் பஞ்சராகி நின்றதாம். அந்தி மங்குகிற வெளிச்சத்தில் அண்ணாந்து பார்த்திருக்கிறாள். வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருக்க ஒரு தேவாங்கு கயிற்றில் வந்ததாம். ஒவ்வொரு எறும்பாகப் பொறுக்கித் தின்றுகொண்டே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததாம். ஓடிப்போய் டாக்டரைக் கேட்டேன். எறும்பு அதற்கு ரொம்பப் பிடித்த தீனி என்கிறார், இப்போது!

சொல்லி முடித்த வள்ளிநாயகி நேரே அடுப்படிக்குப் போயிருந்தாள். கிணற்றடிப் பக்கம் போகவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

14 ஆகஸ்டு

மலைக் கோயில் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்தது. இரண்டாவது கயிற்றுக்கு நூல் சேர்ந்துவிட்டது, முறுக்கின கயிற்றின் மேல் எறும்புக்காகப் பூசும் கஞ்சிக்குத்தான் அரிசி இல்லை. பரந்தாமன் கடைக்குப் போனேன். எறும்புக்கு என்றதும் அரை மூட்டை நொய்யரிசியைத் தூக்கி வைத்தார். அவர் வீட்டு வாசலில் தினமும் அரிசிமாக் கோலம் எறும்புக்குத்தானே. அந்த எறும்பைத் தேவாங்கு தின்னும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். "அது அதுங்க பாடு சார். நான் குடுத்தது எறும்புக்கு," என்றார்.

நெசவுத் தெருவுக்குக் கொண்டுபோக, வீட்டில் மூட்டையை சைக்கிளில் கட்டும்போது வள்ளிநாயகி வாசலுக்கு வந்தாள்.

"கஞ்சிய நல்லா கெட்டியா போடச் சொல்லுங்க. புள்ளக்காரி நடக்குற கயிறு."