அப்பாவின் வேப் பழக்கம்

தேயிலைத் தோட்டம், கம்போங் ராஜா
12 ஜூன் 2025

என் செல்லக் கண்ணு பூவிழிக்கு,

அப்பா எழுதுறேன். நீ லீவு முடிந்து ஈப்போவுக்குப் பஸ் ஏறி மூணு நாள்தான் ஆகிறது. அதுக்குள்ள உன் அம்மா ரெண்டு தடவை உனக்கும் சேர்த்துத் தட்டு வைத்துவிட்டு, என்னைப் பார்த்து முறைக்கிறாள். ஹாஸ்டலில் கைப்பேசி கூடாது. பொது ஃபோனில் பேசலாம் என்றால் உன் முதுகுக்குப் பின்னால் இருபது பிள்ளைகள் வரிசை. அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன். நான் படிவம் மூணோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நீ இப்போது படிவம் மூணு. அப்படிப் பார்த்தால் நாம் ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. பிழை இருந்தால் கூட்டாளி மாதிரி சொல்லு, வாத்தியார் மாதிரி சொல்லாதே.

ஈப்போ வெயிலுக்கு வேண்டாம்னு ஸ்வெட்டரை விட்டுட்டுப் போனாய் அல்லவா? துவைக்க எடுத்த அம்மா அதன் பாக்கெட்டில் ஒரு சாமான் கண்டெடுத்தாள். விரல் நீளம், மஞ்சள் கலர், மேலே மாம்பழப் படம். முகர்ந்தால் மாம்பழ வாசனை. அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. அடுத்த வாரம் என் பிறந்த நாள். நான் ஓட்டுகிற லோரிக் காடியில் உர வாடை அடிக்கிறதென்று நீ எப்போதும் மூக்கைப் பொத்துவாய். அதுக்குத்தான் அப்பாவுக்கு சென்ட் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாய்! எனக்குக் கண் கலங்கிப் போச்சு. நூல் கட்டி, காடியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்க விட்டிருக்கிறேன். ஏறுகிறவன் எல்லாரிடமும் 'மக வாங்கினது' என்று ஒரு தடவை, இறங்கும்போது மறுபடி ஒரு தடவை.

ஒரே குறை, வாசனை கொஞ்சம் கஞ்சத்தனமாக வருகிறது. அதுக்கு அப்பா ஒரு வழி வைத்திருக்கிறேன்.

உன் வகுப்புக் கூட்டாளியும் தகப்பனும் ஆன,
அமிர்தலிங்கம்

❖

ஈப்போ
17 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லாயிருக்கேன். பிறந்த நாள் வாழ்த்துகள்.

அந்த சென்ட் கொஞ்சம் பழசுப்பா. நாள் கடந்துபோனது. காடியில் தொங்க விடாதீங்க. யாருக்கும் காட்டாதீங்க, முக்கியமா தர்மா கிராணிக்கு. பிரிக்காதீங்க, குத்தாதீங்க. ஒரு பையில் போட்டுக் கட்டித் தூக்கிப் போட்டுடுங்க. உங்களுக்கு வேற நல்லதா வாங்கித் தரேன்.

கணக்குச் சோதனை சுமார். மணி அடிக்குது, போகணும்.

பூவிழி

நிஜமாவே தூக்கிப் போடுங்கப்பா.

❖

கம்போங் ராஜா
22 ஜூன் 2025

கண்ணு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நான் குத்தியது வியாழக்கிழமை.

நடந்ததைச் சொல்கிறேன், தாராளமாகச் சிரி. வாசனை கூடட்டும் என்று உன் அம்மாவின் சேலை ஊக்கால் அடியில் குத்திப் பார்த்தேன். மசியவில்லை. கத்தியால் நெம்பினேன். எண்ணெய் மாதிரி என்னவோ உள்ளங்கையெல்லாம் வழிந்தது. மாம்பழம்தானே என்று கால்சட்டையில் துடைத்துவிட்டு, அதே கையால் அம்மா கட்டிக் கொடுத்த இட்லியை நாலு விழுங்கினேன். பிறகு கொழுந்து மூட்டைகளை லோரியில் ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனேன். வாசலிலேயே, மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தர்மா கிராணி கையைக் காட்டி மறித்தார்.

“யோவ் லிங்கம், அங்கேயே நில்லு! பக்கத்துல என்ன வாசனை இருந்தாலும் தேயிலை குடிச்சிரும்யா. மூஞ்சிக்குப் பவுடர்கூட பூசாம வான்னு சொன்ன இடத்துக்கு ஒரு மாந்தோப்பையே கூட்டிட்டு வந்திருக்கியே!”

“மக வாங்கிக் கொடுத்த சென்ட்டு கிராணி” என்று பாக்கெட்டிலிருந்து பெருமையாக எடுத்து நீட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். “இது வேப்புலா.”

“வேப்பெண்ணெயா? மாம்பழ வாசமில்ல வருது!”

“வேப்பெண்ணெய் இல்லய்யா, வேப்! உறிஞ்சிப் புகை விடறது. உள்ள இருக்கிறது நிக்கோட்டின். சிகரெட்டுல இருக்கே, அதே கழுதை. கையெல்லாம் ஒட்டியிருக்கு, வாயில எதுவும் வைக்கலையே?”

“இட்லி வெச்சேன்.”

அவ்வளவுதான். தலை கிறுகிறுத்து, நெஞ்சு உறுமி மேளம் அடித்து, காவாய் ஓரத்தில் குனிந்தவன் குடல் வரைக்கும் வெளியே போட்டுவிட்டேன். கிராணி தன் காடியிலேயே ஏற்றி கிளினிக்கில் சேர்த்தார். டாக்டர் பார்த்து, வயிற்றுக்குள் போனது கொஞ்சம்தான் என்று ரெண்டு மணி நேரம் படுக்க வைத்தார். இப்போது நல்லாயிருக்கிறேன். அம்மாவிடம் மாவு புளித்துப் போச்சு என்று சொல்லி வைத்தேன். அதிலிருந்து வீட்டில் இட்லியே கிடையாது.

ஊசி போட்ட மிஸ்ஸி நவமணி அந்தச் சாமானைப் பார்த்துவிட்டு, “இது யாரோடது?” என்று கேட்டார். தர்மா கிராணி வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“என்னோடதுதான் மிஸ்ஸி. ரொம்ப நாள் பழக்கம்.”

அந்த அம்மா உடனே என் பெயரை எழுதி, புகைப் பழக்கத்தை விடுகிறவர்களின் புதன்கிழமை வகுப்பில் சேர்த்து, கையில் ஒரு அட்டையும் கொடுத்துவிட்டார். ஐம்பத்தோரு வயசில் எனக்குப் பள்ளிக்கூடம்!

படுத்திருந்தபோது ஒன்று மட்டும் நினைத்துக்கொண்டேன். எண்பது கிலோ ஆளை நாலு சொட்டு சாய்த்துவிட்டது. வேறு யாரைப் பற்றியும் நான் எதுவும் கேட்கவில்லை. கிளினிக் நோட்டை யார் பிரித்துப் படித்தாலும், மலை மேலே அமிர்தலிங்கம் என்று ஒரு கெட்டுப்போன ஆள் இருக்கிறான் என்றுதான் தெரியும்.

நல்லாச் சாப்பிடு.

அப்பா

❖

கம்போங் ராஜா
3 ஜூலை 2025

கண்ணு,

பதில் காணோம். ஸ்டாம்ப் தீர்ந்திருக்கும் என்று ரெண்டு உள்ளே வைத்திருக்கிறேன். திரிங்காப் தோட்டத்தில் பூ வெட்டு வேலை அதிகம், அம்மா சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறாள். ஆனாலும் தபால்காரன் மோட்டார் சத்தம் கேட்டால் எனக்கு முன்னால் வாசலில் நிற்கிறாள்.

நேற்று என் முதல் வகுப்பு. ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் காய்கறி லோரி ஓட்டுகிறவர்கள், எல்லாம் சிகரெட் கேஸ். வேப்புக்கு நான் ஒருத்தன்தான், அதனால் கொஞ்சம் மரியாதை. மிஸ்ஸி ஒரு பேனாவைக் கொடுத்து எப்படிப் பிடிப்பீங்க என்றார். இளநீர்க் குழாய் மாதிரி ரெண்டு கையாலும் பிடித்து உறிஞ்சினேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்றார். “மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம்” என்றேன். கோலா தெர்லாவிலிருந்து வருகிற லோரிக்கார விஜயன் நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தான்.

வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸி என்னை மட்டும் நிறுத்தினார்.

“அண்ணே, உங்க பழக்கத்தைப் பத்தி உங்களவிட நல்லாத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருக்காங்களா?”

நான் பேனாவை அவர் மேசையில் திருப்பி வைத்தேன்.

“திட்டாம கேளுங்க. கெட்ட பிள்ளைங்கன்னு பார்த்து இந்தப் பழக்கம் பிடிக்கிறதில்ல. சின்னப் பிள்ளைங்கன்னுதான் பிடிக்குது. வளர்ற மூளையில அது சீக்கிரமா வேர் விட்டுரும். தனியா விடுறது ரொம்பக் கஷ்டம், யாராச்சும் கூட இருந்தா முடியும். இந்தக் கேள்விப் பாரத்தை அந்த ஆளுகிட்ட கொடுத்து உண்மையா நிரப்பச் சொல்லுங்க.”

பாரம் மலாயில் இருக்கிறது. நீ என்னைவிட நல்லாப் படிப்பாய், உள்ளே வைத்திருக்கிறேன். பெயர் மட்டும் நானே எழுதிவிட்டேன்: அமிர்தலிங்கம். மற்றதெல்லாம் எனக்குத் தெரியவில்லை கண்ணு. எனக்கு உதவி பண்ணு.

அப்பா

❖

ஈப்போ
11 ஜூலை 2025

அப்பா,

பாரத்தில் இடம் பத்தவில்லை. இங்கே எழுதுகிறேன்.

பெயர்: அமிர்தலிங்கம்.
வயது: 15.
எடை: 42 கிலோ.
காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் தடவை: பல் விளக்குறதுக்கு முன்னாடி.
கூடாத இடத்தில் அடக்க முடிகிறதா: மூணாவது பாடம் வரைக்கும். அப்புறம் கை நடுங்கும், யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வரும், கணக்கு கண்ணுல நிக்காது. டாய்லெட்டுக்குப் போவேன்.
எப்படி ஆரம்பித்தது: ஒரு கூட்டாளி பிறந்த நாள்ல. வெறும் தண்ணி ஆவிதான், நிக்கோட்டினே இல்லைன்னாங்க. அப்புறம் பஸ் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு கடையில நானே வாங்கினேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம்லதான் போனேன். வயசு கேக்கவே இல்ல.
விட முயன்றது எத்தனை தடவை: நாலு. நாலாவது தடவை, ஸ்வெட்டர் பாக்கெட்டிலேயே வெச்சிட்டு பஸ் ஏறிட்டேன். அது மறதி இல்லப்பா. ஆனா மூணு நாள்கூடத் தாங்கல. வேற வாங்கிட்டேன்.
விட விரும்புகிறீர்களா: ஆமா. ஆமாப்பா.

இட்லி கதையைப் படிச்சிட்டுத் தலையணையை வாயில வெச்சு சிரிச்சேன். அப்புறம் காவாய் ஓரத்துல நீங்க குனிஞ்சு நின்னது மட்டும் போகவே மாட்டேங்குது. கையில இருக்கிறதை வார்டன்கிட்ட நானே கொடுத்துடவா? அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?

உங்க மேல சத்தியமா இனிமே தொட மாட்டேன்னு எழுத ஆசையா இருக்கு. ஆனா உண்மையா நிரப்பச் சொன்னீங்க. அதனால எழுதல.

பூவிழி

❖

கம்போங் ராஜா
16 ஜூலை 2025

என் தங்கமே,

உன் கடிதத்தைக் கிளினிக்குக்கு வெளியே லோரியில் உட்கார்ந்து மூணு தடவை படித்தேன். சத்தியம் பண்ணாமல் விட்டாயே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நான் வாழ்க்கையில் பண்ணின சத்தியத்தை எல்லாம் உன் அம்மா நோட்டில் குறித்து வைத்திருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும்!

மிஸ்ஸியிடம் நீட்டினேன். படித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். “அண்ணே, நாற்பத்திரெண்டு கிலோவா? ரொம்ப இளைச்சிட்டீங்க.” சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் தூசி விழுந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். மாவு புளிக்கவில்லை என்று தெரிந்ததும் முதல் அடி எனக்கு. அப்புறம் கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம், “பிள்ளை எந்த பஸ்ஸுல வரா, அதச் சொல்லுங்க முதல்ல” என்றாள். மறுநாள் காலையில் இட்லி.

மிஸ்ஸி உங்க கவுன்சலிங் டீச்சரிடம் பேசிவிட்டார். தண்டனைக்கு இல்லை, துணைக்கு. கையில் இருப்பதை அந்த டீச்சரிடமே கொடுத்துவிடு. சனிக்கிழமை உன்னைக் கூப்பிட நாங்கள் ரெண்டு பேரும் வருகிறோம். அந்தக் கடையைப் பற்றிப் புகார் எழுதியாச்சு. பதினெட்டு வயசு ஆகாதவர்களுக்கு விற்கவே கூடாதென்று சட்டம் இருக்கிறதாம். கையெழுத்து என்னுடையது, பெரிசாகப் போட்டேன்.

முதல் ரெண்டு வாரம்தான் ஆளை உலுக்குமாம். ஆசை வந்தால் அஞ்சு நிமிஷம் தள்ளிப்போடு, அது தானாக இறங்கும் என்கிறார் மிஸ்ஸி. வாயில் ஒதுக்கிக்கொள்ள, உப்பும் புளிப்புமான அசாம்போய்ப் பழ வற்றல் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். வழுக்கி விழுந்தால் ஒளிக்காதே. எழுது. திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணலாம், எனக்கு எண்ணத் தெரியும்.

அப்பா

❖

ஈப்போ
4 அக்டோபர் 2025

அன்புள்ள அப்பா, அம்மா,

ஆகஸ்ட்ல ஒரு தடவை விழுந்தேன், உங்களுக்குத் தெரியும். அதுக்கப்புறம் எண்ணினா இன்னிக்கு ஐம்பத்து மூணு. காலையில எழுந்ததும் பல்தான் விளக்குறேன்! பள்ளி ஓட்டப் போட்டியில மூச்சு வாங்காம ஓடி நாலாவதா வந்தேன். ஓடினது ஆறு பேர்னு அப்பா கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்.

ஒரு விஷயம்ப்பா. நேத்து குழாயடியில படிவம் ஒன்னு தங்கச்சி ஒருத்தி என் கையைப் பிடிச்சிக்கிட்டா. தீபாவளிக்கு வீட்டுக்குப் போக பயமா இருக்காம், அங்க அது இல்லாம எப்படி இருக்கிறதுன்னு. பேர் சொல்ல மாட்டேன். டீச்சர்கிட்ட வான்னேன், தலையை ஆட்டி ஆட்டி அழறா. உங்க கதையைச் சொன்னேன். கேட்டுட்டு அழுகையை நிறுத்தி, “அக்கா, உங்கப்பா வகுப்புல இன்னொரு இடம் இருக்குமா?”ன்னு கேட்டா.

என்ன சொல்றதுப்பா?

உங்க பூவிழி

❖

கம்போங் ராஜா
9 அக்டோபர் 2025

கண்ணு பூவிழி,

ஐம்பத்து மூணு! கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அம்மா அடுப்பை அணைக்காமலே வந்து அந்த எண்ணை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். குழம்பு தீய்ந்தது. அதையே ஊற்றிச் சாப்பிட்டோம்.

நேற்று புதன்கிழமை. கிளினிக்கில் எண் எடுத்து உட்கார்ந்திருந்தேன். மிஸ்ஸி நவமணி கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னண்ணே, நீங்கதான் விட்டுட்டீங்களே?”

“மறுபடியும் ஆரம்பிச்சிட்டேன் மிஸ்ஸி.”

அவர் உள்ளே போய், புதுப் பாரம் ஒன்றை எடுத்து வைத்து, பேனாவைத் திறந்தார்.

“பேர் எனக்குத் தெரியும். இந்தத் தடவை உங்களுக்கு என்ன வயசு?”

“பதிமூணு” என்றேன்.

மிஸ்ஸி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்புறம் எழுதினார்.

அந்தப் பிள்ளையிடம் சொல்லு, இடம் போட்டாச்சு. கவுன்சலிங் டீச்சரிடம் நீ கூடப் போ, அவள் கையை விடாதே. வீட்டில் சொல்லுகிற அன்றைக்குத் துணை வேண்டுமென்றால் நானும் அம்மாவும் எந்த ஊருக்கும் வருகிறோம். பாரம் உள்ளே இருக்கிறது. சொந்தப் பெயர் எழுத தைரியம் வருகிற வரைக்கும் என் பெயரையே எழுதட்டும். அந்தப் பெயரில் கெட்டுப்போக இனி என்ன மிச்சம் இருக்கு!

அப்பா