இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் விழும் பந்து

மார்ச் 4, ஞாயிறு

எப்படியோ கிளப்பிவிட்டேன். மூன்று மாதமாகப் படுக்கையறையும் ரேடியோவுமாகக் கிடந்த என் வீட்டுக்காரர் இன்று சட்டையை மாற்றிக்கொண்டு என்னோடு கோல்ஃப் பயிற்சித் திடலுக்கு வந்தார். பேருந்து ஓட்டிய காலத்தில் விடுமுறை நாள் தவறாமல் போன இடம். பார்வை மங்கி, வேலையை விடவேண்டி வந்தபின் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இடக்கண் அநேகமாகப் போய்விட்டது. வலக்கண்ணில் நடுவே கறை, ஓரம் மட்டும் தெரிகிறது. காலடியில் இருக்கிற பந்தை ஓரக்கண்ணால் பிடித்துவிடுகிறார். அடித்தபின் அது போன இடம் தெரிவதில்லை. "எங்க போகுதுன்னே தெரியாம அடிக்கிறதுக்கு மட்டை எதுக்கு? உன் தம்பிக்குக் குடுத்துடறேன்" என்று பையைக் கட்டி வைத்துவிட்டார். நான் பார்த்துச் சொல்கிறேன் என்று கெஞ்சித்தான் கூட்டிப்போனேன்.

அவர் அடிக்க அடிக்க "நல்லாப் போச்சு, நல்லாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டார்: "நல்லான்னு ஒரு இடம் இருக்கா அங்க?"

கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. குத்தலாகப் பேசுகிற அளவுக்கு உயிர் வந்திருக்கிறதே, அதற்கே நன்றி சொல்லவேண்டும்.

மார்ச் 5

கழுத்து பிடித்துக்கொண்டது. அண்ணாந்து பார்த்த வினை.

மார்ச் 11, ஞாயிறு

தேறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். குட்டை மட்டையால் அடித்தால் பந்து விறுவிறுவென்று உயரே ஏறுகிறது, அங்கே கொஞ்சம் நின்று யோசிக்கிறது, பிறகு தொப்பென்று விழுந்து அங்கேயே கிடக்கிறது. கண்ணுக்கு வஞ்சகம் செய்யாத பந்து. பார்த்துப் பார்த்துச் சொன்னேன்.

பிறகு நீள மட்டையை எடுத்தார். அதற்கு டிரைவர் என்று பெயராம். வீட்டில் ஒரு டிரைவர் போதாதா? அடித்த சத்தம் கேட்டது. பழக்க தோஷத்தில் நான் உயரே பார்க்கிறேன், அங்கே ஒன்றுமில்லை. அது தாழப் பறந்து எங்கேயோ போய் உருண்டுகொண்டிருந்திருக்கிறது.

"காணோங்க" என்றேன்.

"உனக்குமா?" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. எத்தனை நாளாயிற்று இவர் சிரித்து.

மார்ச் 18, ஞாயிறு

சண்டை.

இப்போது நீளப் பந்தும் என் கண்ணுக்கு அகப்படுகிறது. கண்டதைச் சொன்னேன். குட்டை மட்டைப் பந்து, குறிக்காகத் திடலில் நட்டிருக்கிற கொடிக்கு இடப்பக்கம் விழுகிறது, நீள மட்டைப் பந்து வலப்பக்கம் விழுகிறது. திரும்பத் திரும்ப அப்படித்தான். அவர் நம்பவில்லை. "குட்டைக்கு வலப்பக்கம், நீளத்துக்கு இடப்பக்கம்னு தள்ளித்தானே குறி வெக்கிறேன். அப்புறம் அது இடப்பக்கமும் இது வலப்பக்கமும் எப்படி விழும்? நீ இடது வலது மாத்திச் சொல்ற."

நானா? எக்ஸ்ரே அறையில் நாளெல்லாம் படத்தில் இடது வலது என்று குறி வைப்பது யார்? அதையும் சொன்னேன். அங்கே நோயாளி என்னைப் பார்த்து நிற்பாராம், இங்கே இவர் எனக்கு முதுகு காட்டி நிற்கிறாராம், அதனால்தான் குழப்பமாம். என் வேலையை எனக்கே விளக்கிவிட்டுப் பையை மூடிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் பண்ணச் சொன்னார்.

பை போனால் போகட்டும். மாத்திரைச் சீட்டு, சாலை, வாசலுக்கு வருகிற ஆள் — இனி எல்லாவற்றையும் இவருக்கு நான்தானே பார்த்துச் சொல்லவேண்டும்? என் கண்ணையே நம்பமாட்டேன் என்றால் நான் என்னதான் செய்ய?

மார்ச் 19

தம்பிக்குப் போன் பண்ணவில்லை. மறந்துவிட்டதாகச் சொன்னேன்.

மார்ச் 22, வியாழன்

மணிக்கட்டு வீங்கி ஒரு பெரியவர் வந்தார். முன்னாலிருந்து எடுத்த படத்தில் எலும்பு சமர்த்தாக இருந்தது. பக்கவாட்டில் எடுத்ததும் விரிசல் பல்லிளித்தது. அதனால்தான் ஒரே படத்தோடு யாரையும் அனுப்புவதில்லை.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டே எனக்குப் பந்து ஞாபகம். விழுந்த இடத்தைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்? கிளம்புகிற இடத்தைப் பார்க்கவே இல்லையே!

சாப்பிடும்போது, இந்த ஒரு ஞாயிறு மட்டும் வாருங்கள் என்றேன். மோரை ஊற்றச் சொன்னார். வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 25, ஞாயிறு

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக வருகிறது. வரட்டும்.

பந்துக்கும் கொடிக்கும் நேர்கோட்டில், அவரிடமிருந்து பாதுகாப்பான தூரம் விட்டுப் பின்னால் நின்றேன். இந்தத் தடவை இரண்டையும் சொன்னேன். குட்டை மட்டை: இடப்பக்கம் கிளம்பியது, வளையாமல் போய் இடப்பக்கமே விழுந்தது. நீள மட்டை: அதுவும் இடப்பக்கம்தான் கிளம்பியது! பாதி வழியில் மனசு மாறி வலப்பக்கம் வளைந்து, கொடியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தது. இன்னும் சில பந்துகள் அடிக்கச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டேன்.

"ரெண்டுமே இடப்பக்கந்தாங்க கிளம்புது."

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு இரண்டு மட்டையையும் என் மடியில் போட்டு, விரலால் தடவித் தடவி விளக்கினார். வீசும்போது மட்டை நேராக வராமல் வெளியிலிருந்து உடம்புப் பக்கமாகக் குறுக்கே வருகிறது, அதனால் எந்தப் பந்தும் இடப்பக்கம்தான் கிளம்பும். குட்டை மட்டையின் முகம் மல்லாந்திருக்கிறது. பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே ஏறுவதால் பக்கவாட்டில் அதிகம் வளையாது. நீள மட்டையின் முகம் நிமிர்ந்திருப்பதால் கொஞ்சம் குறுக்கே தேய்த்தாலும் வளைவு காட்டிக்கொடுத்துவிடும். போகிற தூரமும் அதிகம், வளைவதற்கு அவகாசமும் அதிகம். அவரோ இத்தனை வருஷமாகக் குட்டை மட்டைக்கு வலப்பக்கம் தள்ளிக் குறிவைத்தார், நீள மட்டைக்கு இடப்பக்கம் தள்ளிக் குறிவைத்தார்.

"ரெண்டு வியாதின்னு நெனச்சு ரெண்டு மருந்து சாப்பிட்டுட்டு இருந்திருக்கேன். ஒரே வியாதி." நீள மட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டே, "நீ மாத்திச் சொல்லல. நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்" என்றார்.

பரவாயில்லை என்றேன். கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 1, ஞாயிறு

வலது தோள் அவசரப்படுவதால்தான் வீச்சு குறுக்கே வருகிறதாம். வாரம் முழுக்கக் கூடத்தில் வெறுங்கையோடு வீசிப் பழகினார். ஒரு நாற்காலியும் நானும் தப்பினோம்.

இன்று நிறையப் பந்து வீணாயிற்று. கடைசியில் நீள மட்டையில் ஒன்று. "நேரா கிளம்புச்சுங்க... நேராத்தான் போகுது... இன்னும் போகுது..." நான் சொல்லி முடிக்கிறவரை முகத்தை அந்தப் பக்கமே தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். விழுந்துவிட்டது என்று சொன்னபிறகுதான் மட்டையை இறக்கினார்.

இந்த ஒரு பந்துக்காக யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 12, வியாழன்

கண் டாக்டர். திரையில் படம் வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. போன தடவையைவிடக் கறை பெரிதாகியிருந்தது. ஓரப் பார்வையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், வேகத்தைக் குறைக்கலாமே தவிர நிறுத்த முடியாது என்றார் டாக்டர். நான் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் மறுபடி படுக்கையறைக்குள் போய்விடுவார் என்றுதான் பயம்.

அன்றாடம் எப்படிச் சமாளிக்கிறீர்கள், மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் பேசுவதற்கு ஆள் ஏற்பாடு செய்யட்டுமா என்று டாக்டர் அவரைக் கேட்டார்.

"வேணாம் டாக்டர். எங்க கிளம்புது, எங்க விழுதுன்னு சொல்ல எனக்கு ஆள் இருக்கு."

டாக்டருக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.