ஆங்கிலத்தில் ஒரு குடும்பச் சண்டை

என் வாயாடி மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ என்னைப் பேச விட்டால்தானே, அதனால் எழுதுகிறேன், குறுக்கே பேசாமல் படி. அப்பாவின் முழங்கால் வலி தேவலை, நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் முனகுகிறார்.

ஓட்டலில் மேல்தளத்தில் ஒரு வேலை காலியாகப்போகிறது என்று நான்கு மாதம் முன்பு சொன்னேன் அல்லவா, விருந்தாளிகளின் துணியை வாங்கி, குறை கேட்டு, திருப்பிக் கொடுக்கும் மேஜை. பத்தொன்பது வருடமாக ஜன்னல் இல்லாத அந்தக் கீழ்த்தளத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டே அந்த மேஜைக்கு ஆசைப்பட்டவள் நான். இதற்கு முன் இரண்டு முறை நேர்காணலுக்குப் போய், ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டதுமே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறேன். இரண்டாம் முறை துணி அடுக்கும் அறையில் நின்று அழுததை உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். இதுவும் கைநழுவினால் ஓய்வு பெறும்வரை நீராவிதான் கதி என்று தெரிந்துதான் மூன்றாம் முறையும் பெயர் கொடுத்தேன்.

ஆங்கிலப் படம் பார், முதலில் கீழே ஓடும் எழுத்தோடு பார், பிறகு எழுத்தை மறைத்துவிட்டுப் பார், கூடவே வாய்விட்டுச் சொல் என்று நீ சொன்னாயே, மூன்று மாதமாக அதைத்தான் செய்தேன். டிவியின் அடிப்பக்கத்தில் குளியல் துண்டைத் தொங்கவிட்டேன், அப்பா கதை புரியவில்லை என்று தரையில் படுத்துத் துண்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். நீ சொன்ன நீதிமன்றத் தொடரில் எல்லாரும் வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்ட மாதிரி பேசுகிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் கைகொடுத்தது ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டைத் தொடர். சண்டை போடுகிறவர்கள் சொன்னதையே மூன்று தடவை சொல்வார்கள் பார், அதைவிட நல்ல வாத்தியார் யார். நான் மனைவி, அப்பா கணவர். எபிசோட் முடிவில் கணவர் பெட்டியோடு வெளியேறுவார், அதனால் அப்பாவும் தினம் சாயங்காலம் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், ஐந்து நிமிடம் மாடிப்படியில் நின்றுவிட்டு டீ குடிக்க வந்துவிடுவார்.

அடுத்த வீட்டுத் தையல்காரம்மா ஒரு வாரம் இதைக் கேட்டுவிட்டு ஒருநாள் கண் கலங்க வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் ஒத்துமையா இருந்துட்டு இப்ப எதுக்கும்மா இதெல்லாம், அதுவும் எங்களுக்குப் புரியக்கூடாதுன்னு இங்கிலீஷ்ல, என்று கேட்டார். விசாரித்தால், உன் அப்பா மூன்று நாளாகப் பெட்டியோடு அவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, ஆறுதலையும் பிஸ்கட்டையும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார், உண்மையை மட்டும் வாய் திறந்து சொல்லவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றால், அவங்க கேக்கவே இல்லையே என்கிறார் மனுஷர். நானும் தையல்காரம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நேர்காணலில் மேலாளர் ஒரு வெள்ளைச் சட்டையை மேஜையில் வீசி, இஸ்திரிப்பெட்டி சுட்ட கறையைக் காட்டி, கோபக்கார விருந்தாளியாக ஆங்கிலத்தில் கத்த ஆரம்பித்தார். பயமாகத்தான் இருந்தது, ஆனால் முதல் தடவை புரியாவிட்டால் என்ன, மூன்றாம் தடவை புரியும் என்று பொறுமையாகக் கேட்டேன், அவரும் மூன்று தடவை சொன்னார். உட்காருங்கள், நீங்கள் சொல்வதை நம்புகிறேன் என்று அழகாகத்தான் ஆரம்பித்தேன், அவர் விடாமல் கத்தவும் பழக்கதோஷத்தில், இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தபிறகு என்னிடம் சொல்ல உங்களுக்கு இதுதான் இருக்கிறதா என்று தொடரில் வரும் வசனத்தைக் கண்ணீர்க் குரலோடு சொல்லித் தொலைத்துவிட்டேன். மேலாளர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன், அதோடு பயமும் போய்விட்டது. அப்புறம் அரை மணி நேரம் பேசினோம், தப்பும் தவறுமாகத்தான், ஆனால் நிற்காமல் பேசினேன். அந்த வேலை எனக்குத்தான்டி! அப்பாவிடம் சொன்னதும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, அப்ப இனிமே சண்டை கிடையாதா என்று கேட்டார், பாவம்.

நேற்றுத்தான் மேஜையில் முதல் நாள். என் பக்கத்திலேயே ஒரு ஜன்னல், வெயில் கைமேல் விழுகிறது. முதலில் வந்த வெளிநாட்டு அம்மா கோட்டை நீட்டிவிட்டு, இங்கே புதிதாக வந்தவரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, பத்தொன்பது வருடமாக இங்கேதான் இருக்கிறேன் என்றேன். எந்தப் படத்திலும் கேட்ட வாக்கியம் இல்லையடி அது, நானே சொன்னது.

பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நினைத்ததெல்லாம் நடந்து, நீ நீடூழி வாழவேண்டும்.

ஆயிரம் முத்தங்களுடன்,
மேல்தளத்திலிருந்து உன் அம்மா