தட்டுக்கு இரண்டு கை வேண்டும்

தலைமை அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் பேத்தி குட்டிம்மாவுக்கு, தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கரண்டி பிடிக்கும் உன் பாட்டி எழுதுவது. நான் சுகம். கோபமாகவும் இருக்கிறேன்.

நீ அனுப்பிய சுற்றறிக்கையைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். இனி இது சாப்பாட்டுக்கூடம் இல்லையாம், கஃபெட்டீரியாவாம். யாரும் பரிமாறக் கூடாதாம். நான் அஞ்சாம் வகுப்புதான். ஆனாலும் எனக்குப் படித்துக்காட்ட ஆள் வேண்டாம். நீ பள்ளியில் பரிசு வாங்கின அகராதியை எடுத்துப் பார்த்தேன். வேண்டியதைத் தானே எடுத்துவந்து உண்ணும் உணவகம் என்று போட்டிருக்கிறது. சரி. பஸ் நிலையத்து டீக்கடைக்காரனும் அதே பேரில்தான் போர்டு மாட்டியிருக்கிறான். அங்கே டீ உட்கார்ந்த இடத்துக்கு வருகிறது!

தகடு வெட்டும் பிரஸ் மிஷின்காரரை உனக்கு நினைவிருக்கும். சின்ன வயதில் நீ என்னோடு வரும்போது தகரத்தில் விசில் செய்து கொடுத்தாரே, அவர்தான். போன வருஷம் அந்த மிஷின் அவருடைய வலது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது. இப்போது வாசல் கேட்டில் காவலுக்கு உட்காருகிறார். திங்கட்கிழமை வரிசையில் நின்று ஒற்றைக் கையால் தட்டைத் தூக்கினார். நாலடி போவதற்குள் தட்டு சாய்ந்து, கொதிக்கிற குழம்பு தொடையில் கொட்டியது. ஓடிப்போய்த் தட்டை வாங்கினேன். சூப்பர்வைசர் குறுக்கே வந்து, பாட்டி, இது செல்ஃப் சர்வீஸ், ஆர்டர் போட்டது யாருன்னு தெரியுமில்ல என்றான். தெரியும்டா, தள்ளு என்றேன். என் பேத்தி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய், அன்றைக்கு அதைச் சொல்லக் கூசியது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் பசிக்கவில்லை என்கிறார். குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டுக்குத் திரும்பிவிடுகிறார். எனக்கோ எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. இன்னொருவர் தட்டைத் தொட்டால் வேலை போய்விடுமாம். கீழே உன் கையெழுத்து. நாளைக்கும் தொடத்தான் போகிறேன்.

நீ ஒரு நாள் வா. வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் நின்று சாப்பிடு. நான் பக்கத்திலேயே நிற்பேன், பரிமாற மாட்டேன். அப்புறம் அந்தச் சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்ப்பதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணு. உன் இரண்டு கையும் கடைசிவரை நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த பாட்டி