அண்டி ஆபீஸ் காலேஜ்

ஏப்ரல் 7, திங்கள்

வகுப்பு முடிந்ததும் செயலாளர் சிபி சார் கூப்பிட்டார். வரும் ஜூனிலிருந்து பிளஸ் டூ தேறியவர்களை மட்டும்தான் சேர்க்க வேண்டுமாம். "அப்பதான் நம்ம சமுதாயக் கல்லூரிக்கு ஒரு மதிப்பு உண்டு, மினி டீச்சரே. அடுத்த மாசம் கமிட்டியில வைக்கப் போறேன்."

பத்தாம் வகுப்பில் தோற்றவர்களுக்காகவே தொடங்கிய இடம் இது. ஏன் நான் வாயே திறக்கவில்லை?

ஏப்ரல் 8

கோபம் ஆறவில்லை.

ஏப்ரல் 12, சனி

இந்தக் கட்டடம் முன்பு முந்திரித் தொழிற்சாலை. ஊரில் அண்டி ஆபீஸ் என்போம். கணக்கில் தோற்ற நானும் அம்மாவோடு இங்கே உட்கார்ந்து பருப்புத் தோல் உரித்தவள்தான். ஆபீஸ் மூடிய அன்று எல்லாரும் வாசலில் நின்று அழுதோம். பள்ளிக்கூடத்து சத்யபாமா டீச்சர்தான் முதலாளியிடம் பேசி, பூட்டிக் கிடந்த ஷெட்டைத் திறக்க வைத்தார். நோயாளி பராமரிப்பு, வயரிங், இன்ஜின் வேலை என்று வகுப்புகள் வந்தன. அண்டி வறுத்த புகையில் சுவரில் ஏறிய கரி எத்தனை முறை வெள்ளையடித்தும் போகவில்லை. சாய்ந்தால் முதுகெல்லாம் கறுப்பு. "அண்டி ஆபீஸ் காலேஜ்" என்று பஸ்ஸில் சிரித்தார்கள். நாங்கள் அதே பஸ்ஸில் தினமும் போனோம்.

இங்கே படித்து, பத்தையும் எழுதித் தேறி, மேலே படித்து, இங்கேயே டீச்சர் ஆனேன். இதை யாரிடம் சொல்லவும் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. பெருமைதான். பிறகென்ன, கமிட்டியில் சொல்ல வேண்டியதுதானே? ஆனால் தனியாகப் போக மாட்டேன்.

ஏப்ரல் 19, சனி

பூவாருக்குப் போனேன். எபின் படகு இன்ஜினுக்குள் கையை விட்டபடியே, "டீச்சர் கூப்பிட்டா வராம இருப்பேனா? வாறேன்," என்றான். காரக்கோணத்தில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிற ஷிஜாவும் டியூட்டி மாற்றிக்கொண்டு வருகிறாள். இருவரும் என் மாணவர்கள். இருவரும் பத்தில் தோற்றவர்கள்.

மே 3, சனி

கமிட்டி கூடியது. நான் பேசினேன், எபின் பேசினான். சிபி சார் அசையவில்லை. "ஒண்ணு ரெண்டு பேர் நல்லா வந்திருக்கலாம். அதுக்காக?"

அப்போதுதான் தலைவர் சத்தியதாஸ் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஷிஜாவைப் பார்த்தார். "எனக்க வீட்டுக்காரி புஷ்பபாயிய கடைசிவரை பாத்தது நீதானே? நீயும் பத்துல தோத்தவளா, மக்கா?"

"ஆமா அங்கிளே. ரெண்டு தடவ."

பெரியவர் சிபி சார் பக்கம் திரும்பினார். "அவ கடைசியா வெள்ளம் குடிச்சது இவ கையாலயாக்கும். அன்னைக்கு நான் இவளுட்ட மார்க்கு ஒண்ணும் கேக்கல்ல, சிபி. இனியும் கேக்கண்டாம்."

புது விதி வேண்டாம் என்று முடிவாயிற்று. ஷிஜா வெளியே வந்துதான் அழுதாள். நானும்.

மே 4

அம்மாவிடம் சொன்னேன். "பின்னே!" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 9, திங்கள்

புது வகுப்பு. பெஞ்சு போதவில்லை.

மணி அடிக்கும் முன்பு சிபி சார் வந்தார், தங்கை மகள் ஜீனாவோடு. "இவளுக்குப் பத்துல கணக்கு போச்சு, டீச்சர். வீட்டுல ஒரே அழுகை. சீட்டு உண்டா?"

"உண்டு, சார்."

முன் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுக்கச் சொன்னேன்.

ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொன்னார்கள். ஜீனா தலையைத் தூக்காமலே கேட்டாள்: "பேரு மட்டும் போதுமா டீச்சர், மார்க்கும் சொல்லணுமா?"

"பேரு போதும், மக்கா."

நிமிர்ந்து, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி தன் பேரைச் சொன்னாள்.