பூச்சிய வழு

2025 மார்ச் 3

நிறை 51. நாளைக்கு மூன்றாவது மருந்து ஏற்றம். மொத்தம் எட்டு, மூன்று வாரத்துக்கு ஒன்று, ஜூன் 17இல் முடிவு. குடலில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தாயிற்று, மிச்சம் இதுதான். பதினெட்டு வருடம் சாப்ட்வெயர் கம்பனியில் புரொஜெக்ட் மனேஜராக இருந்தவளுக்கு இது பெரிய பிளான் இல்லை. எக்ஸெலில் போட்டு, அச்சடித்து, பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். ரிஸ்க் லிஸ்டில் முதலாவது: நிறை 45க்குக் கீழே போனால் டொக்டர் மருந்தை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் கட்டி திரும்ப வரலாம். ஆகவே தினமும் காலையில் நிறையும் சாப்பாடும் எழுத வேண்டும்.

நான் அறையில் தராசில் ஏறினதும் யோகன் குசினிக்குள் நின்றே "எவ்வளவு உஷா?" என்று கேட்பார். கட்டின மனுசன், வந்து பார்க்கமாட்டார். பிசிக்ஸ் டியூஷன் மாஸ்டர், சொந்த வீட்டு அளவீட்டில் மட்டும் அக்கறை இல்லை.

மார்ச் 9

49½. ஆறு நாளில் ஒன்றரைக் கிலோ. கிராப் போட்டுப் பார்த்தேன். கோடு கீழே போகுது. யோகன் புட்டும் முட்டைப்பொரியலும் கொண்டுவந்தார். "எனக்கு ஒண்டும் வேண்டாம், விடுங்கோ." தட்டைத் தள்ளிவிட்டேன்.

மார்ச் 12

50. அப்பாடா. இரண்டு இடியப்பம் கூடச் சாப்பிட்டேன்.

மார்ச் 25

நான்காவது மருந்து. வீட்டில் 50, ஆஸ்பத்திரியில் 48½. உங்கள் தராசு பழுது என்று நேர்ஸ் ஜெஸீமாவிடம் சொன்னேன். "காலையிலதான் செக் பண்ணின, மேடம்." யோகன் இடையில் புகுந்து, "ஒரு நாளைக்கு எத்தினை பேர் ஏறி இறங்கிற சாமான்" என்றார். பிறகு வாசலில் டொக்டரோடு ஏதோ கதைத்தார். நான் கிட்டப் போனதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். என்ன கதைச்சவை?

ஏப்ரல் 15

புத்தாண்டுக்கு மறுநாள், ஐந்தாவது மருந்து. வீட்டில் 50. ஆஸ்பத்திரியில் 47. திரும்பி வரும்போது ஓட்டோவில் யோகன் வெள்ளவத்தை வரைக்கும் காலிமுகத்திடலில் பறக்கிற பட்டங்களைப் பற்றியே கதைத்தார். இவ்வளவு கதைக்கிற ஆளில்லை இவர்.

ஏப்ரல் 17

பழுதான தராசு எப்போதும் ஒரே அளவுதான் பிழை காட்டும். இது முதலில் ஒன்றரை, இப்போது மூன்று. வளர்கிற பிழைக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கும். அதுவும் வீட்டுத் தராசில் ஒரு மாதமாக 50, 50, 50 — உண்மையான ரிப்போர்ட் இப்படி வராது. முன்பு என் டீமில் இருந்த கார்த்திகன் போன வார ரிப்போர்ட்டையே திகதி மாற்றி அனுப்புவான். எல்லாம் பச்சை, எல்லாம் சரி என்று. இதுவும் அந்த வாசம்தான்.

என் பிளவுஸ்கள் தொளதொளக்கின்றன. அவை பொய் சொல்லாது.

ஏப்ரல் 19

ஹோலில் டியூஷன் நடந்தது. யோகன் ஏ.எல். வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது அறைக்குள் கேட்டது: "ஒண்டும் வைக்காம இருக்கேக்க முள்ளு எங்க நிக்குது எண்டு முதல்ல பாருங்கோ. பூச்சியத்தில நிக்காட்டி, அதுதான் பூச்சிய வழு."

எழும்பிப் போய்ப் பார்த்தேன். வெறும் தராசு. முள் மூன்றில் நின்றது. இத்தனை நாளும் ஏறி நின்ற பிறகுதானே குனிந்து பார்த்தேன். தொடக்கத்தைப் பார்க்காத புரொஜெக்ட் மனேஜர்! இன்னும் உடைக்காத ஐந்து கிலோ சம்பா அரிசிப் பையை இழுத்துவந்து வைத்தேன். எட்டு.

தராசின் பின்பக்கம் ஒரு சின்னத் திருகு. அதைத் திருப்பினால் முள் நகரும். பிசிக்ஸ் மாஸ்டர்.

அட பாவி மனுசா. இதில பொய் சொன்னவர் வேற எதில சொல்லேல்லை? ஸ்கான்? எல்லா இடமும் பரவிட்டுதா? அண்டைக்கு வாசல்ல நிண்டு கதைச்சது அதுதானா?

ஏப்ரல் 21

ஜெஸீமாவுக்குப் போன் எடுத்தேன். "ஸ்கேன் ரிப்போர்ட் உங்கட கையிலதானே தந்த, மேடம். ஒண்டும் ஒளிக்கல்ல. யோகன் சேர் கேக்கிறது ஒண்டுதான், எங்கட தராசுல எவ்வளவெண்டு. அத எழுதிட்டுப் போவார்."

பைலை எடுத்து வரிவரியாக வாசித்தேன். பரவவில்லை. பொய் தராசில் மட்டும்தான். அப்படியென்றால் ஏன்?

ஏப்ரல் 22

சுகம் விசாரிக்கக் கார்த்திகன் எடுத்தான். அந்தக் காலத்தில் ஏன் எனக்குப் பச்சை ரிப்போர்ட் அனுப்பினாய் என்று கேட்டேன். சிரித்தான். "சிவப்பு எண்டு போட்டா நீங்க மூண்டு நாளைக்கு ஒருத்தரோடயும் கதைக்கமாட்டீங்கள், அக்கா. வேலை அப்பிடியே நிண்டிடும்."

போனை வைத்துவிட்டு பிரிட்ஜில் இருக்கும் அட்டவணையைப் பார்த்தேன். மார்ச் 9, 10, 11: சாப்பாட்டுக் கட்டம் வெறுமை. அதற்குப் பிறகு 50 காட்டிய காலைகள் நாற்பத்திரண்டு. அதில் முப்பத்தெட்டு நாள் சாப்பிட்டிருக்கிறேன்.

இவரிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

மே 6

ஆஸ்பத்திரியில் 46. வீட்டில் 50. தெரிந்துகொண்டே ஏறுகிறேன். 50ஐப் பார்த்ததும் வயிறு ஒத்துக்கொள்கிறது. மானங்கெட்ட வயிறு.

ஜூன் 17

எட்டாவது. 45½. டொக்டர் என்னை இரண்டு தரம் ஏறச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஏத்துவம்" என்றார். பயத்தில் யோகனின் கையைப் பிடித்திருந்தேன். அவர் கை என்னுடையதைவிடக் குளிர்ந்து கிடந்தது.

ஆகஸ்ட் 12

ஸ்கானில் ஒன்றுமில்லை. இரண்டு தரம் வாசித்தேன், ஜெஸீமாவையும் வாசிக்கச் சொன்னேன். பசிக்கிறது. பிளவுஸ் கையில் பிடிக்கிறது. ஆஸ்பத்திரியில் 48. வீட்டில்? அதே 50. ஜூனில் நாலரையாக இருந்த வித்தியாசம் இப்போது இரண்டு. என் நிறை ஏற ஏற, இந்த மனுசன் முள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு எடுக்கிறார்.

செப்டம்பர் 21

யோகன் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். சத்தம் போடாமல் புது ஐந்து கிலோ அரிசிப் பையைத் தராசில் தூக்கி வைத்தேன். இப்போது தூக்க முடிகிறது. ஐந்து. எடுத்தேன், முள் பூச்சியத்துக்கு வந்தது. பையைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்து ஏறினேன்.

"எவ்வளவு உஷா?"

"ஐம்பது."

திருவுகிற சத்தம் நின்றது. கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்தார். கண்ணாடியைப் போட்டு, குனிந்து பார்த்தார்.

"ஓம்," என்றார். "ஐம்பதுதான்."